பட்டியலில் பத்தொன்பது பேர்

ஆகஸ்ட் 7, திங்கள்

எஸ்தர் டீச்சர் ரெண்டு நோட்டு குடுத்தாங்க. ஒண்ணுல வகுப்புக் குறிப்பு எழுதி மாசம் ஒருவாட்டி அவங்ககிட்ட காட்டணும். இன்னொண்ணு உபரி. அதுலதான் இதை எழுதுறேன். இதை யாருக்கும் காட்டப் போறதில்ல.

இன்னைக்கு வகுப்பு ஆரம்பம். எங்க தெருப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு அறை. திங்கள், புதன், வெள்ளி, சாயங்காலம் அஞ்சரையிலருந்து ஏழு மணி வரைக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்க இருபது பேருக்கு மூணு மாசம் சொல்லிக் குடுக்கணும். நவம்பர்ல பரீச்சை. பாஸானா சர்ட்டிபிகேட். எனக்குச் சம்பளம் கிடையாது. பிளஸ் டூ படிச்சவ, வீட்டுலயே இருந்து நைட்டி தைக்கிறவ, வாயும் கொஞ்சம் நீளம், அதனால நீதான் சரிப்படுவேன்னு எஸ்தர் டீச்சர் என்னையப் பிடிச்சுப் போட்டாங்க. அவங்க இந்தப் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ். அவங்க பேச்சைத் தட்ட முடியாது.

தெருவுல எல்லாருமே ஒத்தாசை பண்ணுறாங்க, பொய் சொல்லக் கூடாது. கோயில் கமிட்டி ரெண்டு ஜமுக்காளம் குடுத்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல வகுப்பு நாளைக்கு மட்டும் பொம்பளைகளை அஞ்சு மணிக்கே விட்டுடுறேன்னு சொல்லியிருக்காங்க. டீக்கடை அண்ணாச்சி ஒரு தூக்கு நிறைய டீ குடுத்து விட்டாரு.

பத்தொன்பது பேர் வந்தாங்க. பேரு எழுதிக்கிட்டிருக்கையில வாசல்ல யாரோ வந்து தயங்கி நின்னாங்க. நிமிர்ந்து பார்த்தா வெள்ளத்தாயி.

என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி. ஒரே வளவு, நடுவுல ஒரு குழாய். அந்தப் பக்கம் அவ வீடு, இந்தப் பக்கம் என் வீடு. பதினோரு வருசமா நாங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசினதில்ல.

இருபதாவது ஆளா அவ பேரையும் எழுதினேன். வாடி, வந்து சிக்கினியான்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆகஸ்ட் 9, புதன்

எதுக்குப் பேசுறதில்லன்னு ஒருவாட்டி எழுதிப் பார்த்துடுறேன். நெஞ்சுக்குள்ளயே வச்சு வச்சு அது புளிச்சுப் போச்சு.

அப்ப என் மகன் வயித்துல, எனக்கு ஆறு மாசம். அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்திருக்கு, ரிஜிஸ்டர் தபால்ல. நான் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு மாசச் செக்கப்புக்குப் போயிருந்தேன். கடிதம் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அடுத்த தெரு மரகதத்துக்கும் அதே கடிதம் வந்துச்சு, அவ போனா, வேலையும் கிடைச்சிருச்சு. பிளஸ் டூவுல அவ மார்க்கு என்ன, என் மார்க்கு என்ன! இன்னைக்கு அவ டீச்சர். தெருவுல போறவன் வாறவனெல்லாம் அவளை டீச்சர்னுதான் கூப்பிடுறான்.

வயித்தைத் தூக்கிக்கிட்டு தபாலாபீஸுக்குப் போய்க் கேட்டேன். தாளைத் திருப்பிக் காட்டினாங்க. என் பேருக்கு நேரா ஒரு கைநாட்டு. எங்க வளவுல கைநாட்டு வைக்கிற ஆளு ஒரே ஆளுதான்.

நேரா வந்து அவகிட்டக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. திரும்பவும் கேட்டேன். அடுப்புல பால் பொங்குதுன்னு உள்ள போயிட்டா. அவ்வளவுதான். அவளுக்குப் பிள்ளை இல்ல. எனக்கு வயித்துல ஒண்ணு, கையில ஒரு வேலைன்னா அவளால பொறுக்க முடியுமா? பொறாமைக்காரி. என் வாழ்க்கையைக் கிழிச்சுப் போட்டுட்டுப் பால் பொங்குதாம்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பாடப் புத்தகத்துல இருக்கிற ஆடு, இலை எல்லாம் இவங்களுக்குச் சப்புன்னு இருக்கு. அதனால தீப்பெட்டி லேபிளைக் கொண்டு வரச் சொன்னேன். இருபது வருசமா லேபிள் ஒட்டுறா மாடத்தி. அதுல என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்குத்தான் அவளுக்குத் தெரிஞ்சுச்சு. 'எலே, நான் ஒட்டுனதுக்கு இப்படி ஒரு பேரா'ன்னு சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் புரை ஏறிருச்சு. லோடுமேன் பேச்சிமுத்து அண்ணாச்சி பஸ் போர்டு வாசிக்கிறாரு. நாலு பஸ்ஸை விட்டுட்டு அஞ்சாவது பஸ்ஸுல ஏறினாராம், எல்லாத்தையும் வாசிச்சுப் பார்க்கணும்னு.

வெள்ளத்தாயியைத் தூணுக்குப் பின்னால உக்கார வச்சிருக்கேன். அங்கருந்து போர்டு பாதிதான் தெரியும். கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கிறா. பார்க்கட்டும்.

செப்டம்பர் 5, செவ்வாய்

இன்னைக்கு வகுப்பு கிடையாது. ஆனா ஆசிரியர் தினம்னு மாடத்தி தலைமையில ஒரு கூட்டமே வீட்டுக்கு வந்துருச்சு. ஒரு பேனா, ரெண்டு முழம் மல்லிகைப்பூ, கடலைமிட்டாய் ஒரு பாக்கெட்டு. 'டீச்சர், டீச்சர்'னு வளவே அதிருற மாதிரி கூப்பிட்டாங்க. குழாயடியில அவ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தா. கேட்டிருப்பா. நல்லாக் கேக்கட்டும்.

அவங்க போனப்புறம் கதவைச் சாத்திட்டு அழுதேன். சந்தோசத்துல அழுதேன்னு இவரு நினைச்சுக்கிட்டாரு. எனக்கு ஆத்திரம். சம்பளமே இல்லாத இந்த ஒரு வார்த்தைக்கு நான் இத்தனை வருசம் காத்துக் கிடக்க வேண்டியதாப் போச்சே.

செப்டம்பர் 21, வியாழன்

சாப்பிடுறப்ப இவரு மெதுவா ஆரம்பிச்சாரு. அத்தான், அதான் அவரோட அண்ணன், ஜூலை மாசம் லாரியில மூட்டை ஏத்துறப்ப விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறாரு. இனி மூட்டை தூக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். நர்சிங் பிள்ளைங்க தங்குற ஒரு விடுதியில வெள்ளத்தாயிக்குச் சமையல்கட்டு வேலை தர்றேன்னு வார்டன் அம்மா சொல்லியிருக்காங்க. சாமான் டப்பாவுல ஒட்டியிருக்கிறதை வாசிக்கத் தெரியணும், நவம்பர் பரீச்சை எழுதின சீட்டைக் கொண்டு வந்து காட்டினாப் போதும், அதுவரைக்கும் இடத்தை வச்சிருக்கேன்னாங்களாம்.

'கொஞ்சம் பாத்துச் சொல்லிக் குடு, செண்பகம். அவங்களுக்கு வேற கதியில்ல'ன்னாரு.

சரின்னு தலையாட்டினேன். அவருக்கு ரெண்டாவது தோசை முறுகலா வந்துச்சு.

ஒரு கடிதத்தால எனக்கு ஒரு வேலை போச்சு. இப்ப அவளோட வேலை என் கையில இருக்கு. சாமி இருக்குன்னு இன்னைக்குத்தான் முழுசா நம்புறேன்.

அக்டோபர் 6, வெள்ளி

வாரா வாரம் எல்லாரும் சொந்தமா அஞ்சு வரி எழுதிட்டு வரணும், நான் வாசிச்சு டிக் போடணும். இந்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மாடத்தி அவ மாமியாரைப் பத்தி எழுதியிருக்கிறதை வாசிச்சுட்டு தையல் மெஷினை நிறுத்தி வச்சுச் சிரிச்சேன். பேச்சிமுத்து அண்ணாச்சி எழுதுறது எல்லாமே மாட்டைப் பத்தி. ஒவ்வொருத்தருக்கும் கீழ சிவப்புப் பேனாவுல ரெண்டு வரி பதில் எழுதுறேன்.

வெள்ளத்தாயி நோட்டை மட்டும் வாசிக்கிறதில்ல. கடைசியா எழுதின பக்கத்தைப் பிரிப்பேன், ஜன்னலைப் பார்த்துக்கிட்டே ஒரு டிக் போடுவேன், மூடிடுவேன். டிக் போட்டாச்சுல்ல, டீச்சர் கடமை முடிஞ்சுது. அவ அஞ்சு வரி எழுதச் சொன்னா ஒரு பக்கம் நிறைய எழுதுறா போல. நோட்டு உப்பிப் போய்க் கிடக்கு. அப்படி என்ன எழுதுறாளோ, எனக்கென்ன.

அக்டோபர் 12, வியாழன்

இன்னைக்கு முடிச்சுட்டேன்.

பரீச்சைக்குப் பேரு அனுப்பணும், வருகைப் பதிவேட்டைக் கொண்டான்னாங்க எஸ்தர் டீச்சர். இருபது நாளாவது வந்திருக்கணும்கிறது விதி. வெள்ளத்தாயி ஒரு நாள் கூட லீவு போடலை. மழை கொட்டின அன்னைக்குக் கூட சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு வந்து உக்காந்தா. அவ பேருக்கு நேரா பதினாறு நாளை ஆப்சென்ட்டாக்கினேன். பேனா அதே பேனா, மை அதே மை. பத்து நிமிசம் கூட ஆகலை.

'வெள்ளத்தாயி ஏம்மா இவ்வளவு குறைச்சலா வந்திருக்கா'ன்னு டீச்சர் கேட்டாங்க.

'புருசன் படுத்த படுக்கையா இருக்காருல்ல டீச்சர், எங்க வர முடியுது'ன்னேன்.

'பாவம்'னு சொல்லிட்டு பத்தொன்பது பேரை மட்டும் எழுதினாங்க. வர்ற வழியில கால்கிலோ அல்வா வாங்கிட்டு வந்தேன்.

அக்டோபர் 13, வெள்ளி

நேத்து நல்லாத் தூங்கினேன்.

அக்டோபர் 25, புதன்

தீபாவளி ஆர்டர், பதினாலு நைட்டி. ஊசி ரெண்டு தடவை விரல்ல ஏறிருச்சு. வகுப்புல வெள்ளத்தாயி தூணுக்கு இந்தப் பக்கம் நகர்ந்து உக்காந்திருந்தா. மாடத்தியை விட்டுச் சொல்லித் திரும்ப அங்கயே உக்கார வச்சேன்.

நவம்பர் 5, ஞாயிறு

பரீச்சை. தெருவே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. மாடத்தி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்திருந்தா. பேச்சிமுத்து அண்ணாச்சி நெத்தி நிறையத் திருநீறு. வீட்டுக்காரங்க, பேரன் பேத்திங்க எல்லாம் கேட்டுக்கு வெளியில நின்னு கையாட்டுறாங்க. பிள்ளைங்களை அனுப்புறது போய், பிள்ளைங்க வந்து அனுப்பி வச்சாங்க. டீக்கடை அண்ணாச்சி ஆளுக்கொரு பேனா குடுத்தாரு.

காலையிலதான் பேர்ப் பட்டியலைச் சுவத்துல ஒட்டினாங்க. பரபரப்புல யாரும் அதைப் பெருசாப் பார்க்கலை. எஸ்தர் டீச்சர் பேரு பேரா கூப்பிட்டு உள்ள அனுப்பினாங்க.

வெள்ளத்தாயி கொஞ்சம் தள்ளி நின்னா. பச்சைச் சேலை, தலையைப் படிய வாரி எண்ணெய் வச்சு. கையில பேனா. எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சப்புறம் சுவத்துக்கிட்டப் போனா. பட்டியலைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா. இப்ப கத்தப் போறா, டீச்சர்கிட்ட ஓடப் போறான்னு நான் தயாரா நின்னேன். பதில்லாம் ராத்திரியே யோசிச்சு வச்சிருந்தேன்.

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா.

வயித்துவலி, பரீச்சை எழுத முடியலைன்னு அத்தான்கிட்டச் சொன்னாளாம். சாயங்காலம் இவரு வந்து சொன்னாரு. இனிப்பு சாப்பிட்ட மாதிரி இருக்கணும் எனக்கு. இருந்துச்சு, ஒரு அரை மணி நேரம்.

நவம்பர் 6, திங்கள்

எஸ்தர் டீச்சர் இருபது நோட்டையும் கேட்டாங்க. ஒவ்வொருத்தரைப் பத்தியும் ஒரு வரி எழுதிக் குடுக்கணுமாம், வெள்ளத்தாயியையும் சேர்த்துத்தான். அவளை அடுத்த பரீச்சைக்கு எழுத வைக்கலாம்ல, அவ எழுத்து எப்படி இருக்குன்னு வாசிச்சு எழுதுன்னாங்க.

அதனால வாசிக்க வேண்டியதாப் போச்சு. மத்தியானம் சோத்தை அடுப்புல வச்சுட்டு உக்காந்தேன். சோறு அடிப்பிடிச்சதுதான் மிச்சம்.

முதல் ரெண்டு பக்கம் பேரு, ஊரு, புருசன் பேரு. மூணாம் பக்கம் இப்படி இருந்துச்சு. அப்படியே எழுதுறேன்.

'செண்பகம். உங்கிட்ட வாயால சொல்லப் பயமா இருக்கு. இதுல எழுதுனா நீ வாசிப்ப. அதுக்குத்தான் படிக்க வந்தேன். வேலைக்கும்தான்.'

அடுத்த வாரம்:

'எனக்கு அஞ்சு மாசமா இருக்கையில ஒரு காயிதம் வந்துச்சு. எங்க அம்மா செத்த சேதி. வாசிச்சுச் சொன்னாங்க. அங்கனயே விழுந்துட்டேன். கலஞ்சிருச்சு. பொறவு எனக்குத் தங்கவே இல்ல.'

அதுக்கும் அடுத்த வாரம்:

'உனக்குக் காயிதம் வந்தப்ப உங்க அப்பா பாளையங்கோட்டை ஆஸ்பத்திரில கெடந்தாரு. பிரிச்சுப் பாத்தேன். மூலையில மஞ்ச இல்ல. மேல பிள்ளையார் சுழி இல்ல. கருப்பா அச்சடிச்சிருந்துச்சு. கருமாதிக் காயிதம்னு நினைச்சேன். உனக்கு ஆறு மாசம். அத வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது. கிழிச்சு வாய்க்கால்ல போட்டுட்டேன்.'

எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

எங்க பக்கம் அப்படித்தான். நல்ல சேதின்னா நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கும். சாவுச் சேதின்னா வாசிச்ச கையோட கிழிச்சுப் போடணும். நானும் அப்படிக் கிழிச்சிருக்கேன். சர்க்கார் கடிதத்துக்கு யாரு மஞ்சள் தடவுறா? வாசிக்கத் தெரிஞ்சவளுக்கு அது தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

'உங்க அப்பா உசுரோட இருக்காருன்னு மறுநாள் தெரிஞ்சுச்சு. அப்ப அது என்ன காயிதம்னு தெரியல. மரகதத்துக்கு வேலை கெடச்சப்பத்தான் புரிஞ்சுச்சு. நீ வந்து கேட்ட. என் வாய் வரல. உனக்குப் பிள்ள பொறக்கட்டும், பொறவு சொல்லுவோம்னு இருந்தேன். பொறவு நீ என் மொகத்தையே பாக்கல.'

அந்தப் பக்கத்துக்குக் கீழ என் சிவப்பு டிக். பெருசா, அழகா.

அதுக்கு அடுத்த வாரம் அவ எழுதியிருக்கிறது: 'செண்பகம் டிக் போட்டிருக்கா. வாசிச்சிட்டா. ஒண்ணும் எழுதல. மத்தவங்களுக்கு எழுதுதா. பரவால்ல. வாசிச்சிட்டால்ல.'

இந்த வரிக்குக் கீழயும் ஒரு டிக் போட்டு வச்சிருக்கேன்.

நவம்பர் 8, புதன்

விடுதி வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு. இவரு சொன்னாரு.

பரீச்சை முடிஞ்சாலும் தீபாவளி வரைக்கும் வகுப்பு உண்டு, உடம்பு சரியில்லைன்னு சொல்லி இன்னைக்கு வைக்கலை. எனக்குக் கோபம் இன்னும் தீரலை, அது யார் மேலன்னுதான் தெரியலை. வாய் இல்லையா அவளுக்கு? பதினோரு வருசம் ஒரே குழாயில தண்ணி பிடிச்சோமே, குடம் நிறையிற நேரத்துல சொல்லியிருக்கலாமே. 'கருமாதிக் காயிதம்னு நினைச்சேன்டி'ன்னு ஒத்தை வரி. ரெண்டு நாள் ஏசியிருப்பேன், மூணாம் நாள் பேசியிருப்பேன். என்னைய ஏன் இந்த நிலைமைக்குக் கொண்டு வந்தா?

இப்படி எழுதிட்டு, எழுதினதைத் திரும்ப வாசிச்சுப் பார்த்தேன். அசிங்கமா இருக்கு.

பதிவேட்டை நான் மாத்தினது யாருக்கும் தெரியாது. அவளும் ஏதோ பேரு விட்டுப் போச்சுன்னு நினைச்சிருப்பா. அடுத்த பரீச்சைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்துட்டாப் போச்சு. இதைப் போய் ஊர் முழுக்கச் சொல்லி யாருக்கு என்ன ஆகப் போகுது.

நவம்பர் 10, வெள்ளி

தீபாவளிக்கு முன்னால கடைசி வகுப்பு. பரீச்சை எழுதின தெம்புல எல்லாரும் வந்திருந்தாங்க. மாடத்தி அதிரசம் சுட்டுக் கொண்டு வந்திருந்தா.

வெள்ளத்தாயி தூணுக்குப் பின்னால போகலை. நேரா என் முன்னால வந்து நின்னு ஒரு நோட்டை நீட்டினா. பழைய நோட்டு எஸ்தர் டீச்சர்கிட்ட இருக்கு, இது புதுசு.

'டீச்சர், இத வாசிங்க. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வாசிங்க.'

பதினோரு வருசத்துல அவ என்கிட்டப் பேசின முதல் பேச்சு. நீங்கன்னு சொன்னா. நீயே வாசியேன்னு சொல்லிப் பார்த்தேன். நான் எழுதிட்டேன், வாசிக்கிறது உங்க வேலைன்னுட்டா. எல்லாரும் ஏதோ கதை கேக்கிற மாதிரி நிமிர்ந்து உக்காந்தாங்க. நான் வாசிச்சேன்.

'ஞாயித்துக்கெழம சுவத்துல பேரு ஒட்டியிருந்துச்சு. நானே வாசிச்சேன். யார்கிட்டயும் கேக்கல. மூணு தடவ வாசிச்சேன். மாடத்தி பேரு இருந்துச்சு. பேச்சிமுத்து அண்ணாச்சி பேரு இருந்துச்சு. பத்தொன்பது பேரு. என் பேரு இல்ல. திங்கக்கெழம எஸ்தர் டீச்சர்கிட்டப் போயி ஏன்னு கேட்டேன். பதிவேட்டக் காட்டுனாங்க. நான் வந்த நாள்ல பதினாறு நாளு வரலன்னு இருந்துச்சு. அதையும் நானே வாசிச்சேன். டீச்சர்கிட்ட ஒண்ணும் சொல்லல, வந்துட்டேன். விடுதி வேல வேற ஆளுக்குப் போயிருச்சு. நான் செஞ்சது தெரியாமச் செஞ்சேன். செண்பகம் தெரிஞ்சு செஞ்சா.'

கடைசி வரி வர்றப்ப என் குரல் எனக்கே கேக்கலை. சத்தமா வாசிங்கன்னா. திரும்ப ஒருவாட்டி வாசிச்சேன்.

மாடத்திதான் கேட்டா, 'நெசமா டீச்சர்?'

நோட்டை நான் வாசிக்கவே இல்ல, சும்மா டிக் போட்டேன், எனக்கு எதுவும் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னா அது இதைவிடக் கேவலம்.

'நெசந்தான்'னேன்.

பேச்சிமுத்து அண்ணாச்சி எழுந்து வெளிய போயிட்டாரு. அதிரசத்தை யாரும் தொடலை. ஏசினாலும் வாங்கிக்கலாம், அடிச்சாலும் வாங்கிக்கலாம், அவ அதெல்லாம் செய்யலை. மேசை மேல கிடந்த வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, அவ கையில இருந்த பேனாவை அது மேல வச்சா.

'மார்ச்சுல அடுத்த பரீச்சையாமே. அதுக்குப் பட்டியல் எழுதுங்க. நான் இங்கனயே நிக்கேன்.'

நான் எழுதினேன். ஒண்ணுன்னு நம்பர் போட்டு, வெள்ளத்தாயி. அவ குனிஞ்சு, விரலை வச்சு, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் போய் முன்வரிசையில உக்காந்தா.